சாமிக்கல்லருகே செருப்பு

ஏரி உடைந்த வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் கல்வராயன் மலையேறுகிறேன். அப்போது பஸ் ஏது, நடைதான். இந்தத் தடவை என்னோடு என் பேத்தி செல்வி. காலேஜில் இங்கிலீஷ் பாட்டுகளைப் பாடமாகப் படிக்கிறாள். அதைப் படித்தால் சாமியை மறந்துவிடுவாளோ என்று என் மருமகளுக்குப் பயம். எனக்கும்தான்.

காட்டு முனையில் சாமிக்கல். மலைக்காரர்கள் இங்கே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். நான் செல்வியின் காலையே பார்க்கிறேன். யாரும் சொல்லாமலே கழற்றுகிறாள்.

சாமை மூட்டையோடு வந்த மலைக்காரம்மா சிரிக்கிறாள். "இன்னாம்மா, முள்ளு குத்தப் போவுது!"

"குத்தட்டுங்க. நான் படிக்கிற பாட்டுல ஒரு வெள்ளக்காரன், மரத்துல சாமி இருக்குதுன்னு தொப்பிய கழட்டிக்கினு நிக்கிறான்."

"அவனுக்கும் தெரிஞ்சிருக்கா! நல்ல மனுசந்தான்."

எனக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம் போனால் என் மருமகளிடம் சொல்லுங்கள், அவள் பெண்ணின் செருப்பு சாமிக்கல்லருகே என் செருப்போடு கிடக்கிறது என்று.