தவமணி வெட்கப்பட்ட மரங்கள்

தவமணி இறந்த செய்தியைத் திருநகர் பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டியில்தான் பார்த்தேன். "பொட்டலைக் காடாக்கிய ஆசிரியருக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று போட்டிருந்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கூச்சம்தான் வந்தது. அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர் அவர்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் அவர் இயற்கை விஞ்ஞானம், நான் வரலாறு. எழுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்கு மேற்கே இருந்த புல்வெளியைப் பசுமையாக்கக் கிளம்பினோம். முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் நின்ற நிலம். காடையும் முயலும் அதற்குள் குடியிருந்தன. மரம் இல்லை என்பதாலேயே எங்கள் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். மாணவர்களைக் கூட்டிப்போய்ச் சீமைக்கருவேல விதைகளைத் தூவினோம். பாராட்டு விழா நடந்தது. இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு படம் பிடித்துக்கொண்டோம்.

சில வருடம் கழித்து, அவர் மனைவி பேச்சியம்மாளோடு அந்த நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்கன ஒரு குருவி பாடிக்கிட்டே மேல போயி அப்படியே கீழ எறங்குமே, அது எங்க?" என்று கேட்டார். வானம்பாடியைத்தான் கேட்டார். தவமணி எழுந்து மரங்களுக்குள் போனார். முள்ளுக்கடியில் புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"பொட்டல் பொட்டல்னோம். இப்பத்தான் மாப்ள இது பொட்டல்" என்றார்.

அடுத்த ஞாயிறே கடப்பாரையோடு போய்விட்டார். விதைத்தவரே பிடுங்குகிறார் என்று ஊர் சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். "எம்புட்டுப் பிடுங்குனாத் தீரும்?" என்று ஒருநாள் கேட்டேன். "தீராது. வீட்டுல போயி நிம்மதியாச் சாப்பிடணும்ல" என்றார். ஒரு வகுப்பறை அளவு இடம் முள் நீங்கி வெளியானது. அதில் மறுபடி புல் வந்தது. வானம்பாடி வரவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு முன்னால் பேச்சியம்மாள் என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, மரத்தப் பத்தி மட்டும் யாரும் பேச வேணாம்னு சொல்லிருங்க" என்றார். நான் சொல்லியும் பேசினவர்கள் எல்லாரும் அதையே பேசினார்கள். என் முறை வந்தபோது, "அவர் அதற்காக வெட்கப்பட்டார்" என்று ஆரம்பித்தேன். "செத்தவர எறக்கிப் பேசாதீங்கண்ணே" என்று ஒரு குரல் வந்தது. நான் இறக்கிப் பேசவில்லை, அவரிடம் ஆக உயரமாக இருந்தது அந்த வெட்கம்தான். அதைச் சொல்லி முடிக்க விடவில்லை. அவரை அறிந்தவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புறப்படும்போது பேச்சியம்மாள் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். "பேசுனது போதும்ணே. போயிப் பிடுங்குங்க."

போன ஞாயிறு ஒரு தூரைத் தோண்டி முடிப்பதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கடப்பாரை. விழாவில் போட்ட மாலையில் என் பங்கை அன்றே வாங்கிக்கொண்டேன். வெட்கத்தில் என் பங்கை இத்தனை வருடமும் அவர்தான் சுமந்திருக்கிறார்.