பதினொன்றாம் கேள்வி

1. சத்தம் இல்லாமல் ஓடிய பாடம்

பாடத்தின் பெயர் ‘குழந்தைகளின் செவித்திறன்’. முப்பத்தெட்டு நிமிட வீடியோ. அதை நான் சத்தத்தை அமர்த்திவிட்டு ஓட்டினேன்.

அப்போது பசுவந்தனைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், இரண்டே ஆசிரியர்கள் இருந்த பள்ளியின் தலைமை ஆசிரியை நான். இலவசமாகப் படிக்க இணையத்தில் ஒரு தளம் இருந்தது. கணக்கு, முதலுதவி, மண்புழு உரம், தையல், ஆங்கிலம் என்று அதில் இல்லாத பாடம் கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாங்கள் சிலவற்றைக் கட்டாயம் முடிக்க வேண்டும். வீடியோ முழுக்க ஓடி, க்விஸில் இருபது கேள்விக்கு டிக் அடித்தால் சர்டிபிகேட் வரும்.

செல்போனைச் சாக்பீஸ் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, சத்துணவு முட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உதவி ஆசிரியை ஜெபா வந்து சொன்னாள்.

“அக்கா, ஆன்சர் கீ குரூப்ல வந்துட்டு. பதினொன்னுக்கு மட்டும் மாத்திப் போட்டுராதீங்க, அது ‘இ’.”

‘இ’ என்றே போட்டேன். கேள்வியைப் படிக்கவில்லை. நூற்றுக்கு நூறு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கோவில்பட்டியில் லேமினேட் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன்.

2. கடைசி பெஞ்ச்

மூன்றாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். டிக்டேஷன் போடும்போது நோட்டைப் பார்க்காமல் என் வாயையே பார்ப்பாள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கினால், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பாள். காப்பி அடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

“ஏட்டி, செவிட்டு முண்டமா நீ? போ, கடைசி பெஞ்சுல தனியா இரு.”

வாயில் வந்தது அதுதான். கோபத்தில் சொன்னது என் காதில் விழவில்லை. ஆறு மாதம் அவள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். டிக்டேஷனில் முட்டை முட்டையாக வாங்கினாள்.

3. மகேஸ்வரி வந்தது

கார்த்திகை மழை நின்ற ஒரு காலையில் தர்ஷினியின் அம்மா மகேஸ்வரி வந்தாள். ஆடு வளர்க்கிற குடும்பம். எட்டாவதோடு நின்றவள். கரிசல் மண் அப்பிக் கனத்துப்போன செருப்பை வாசலில் விட்டுவிட்டு, செல்போனோடு உள்ளே வந்தாள்.

“டீச்சர், இவளுக்குச் சரியா காது கேக்கல. அடிக்கடி சீழ் வடியும், சளின்னு நெனச்சு விட்டுட்டேன். இந்த வீடியோவுல சொன்ன மாதிரி பின்னால நின்னு சோத்துத் தட்டத் தட்டிப் பாத்தேன். பிள்ள திரும்பல.”

“உனக்கு இது எங்க கெடச்சுது?”

“ஆட்டுக்குக் குடற்புழு மருந்து எப்பக் குடுக்கணும்னு இதுலதான் படிச்சேன். பிளவுஸ் வெட்டவும் இதுலதான். கீழ இந்தப் பாடம் கெடந்துது. ஓசிதான, பாப்போமேன்னு மூணு நாளாப் பாத்தேன்.”

அவள் பார்வை என் தலைக்கு மேலே போனது. செல்போனில் இருந்த அதே காதுப் படம் என் சர்டிபிகேட்டிலும் இருந்தது.

“நீங்களும் படிச்சிருக்கீங்களே டீச்சர்! நூத்துக்கு நூறு!” முகம் மலர்ந்தது. “அப்ப தெரிஞ்சுதான் தனியா உக்கார வச்சீங்களா? எப்பிடிச் சமாளிக்கான்னு பாக்கதுக்கு?”

தப்பித்துக்கொள்ள வழியை அவளே காட்டிவிட்டாள்.

“ஆமா. கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்” என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முப்பது வருட வேலையில் அப்படிக் கூசிப்போனது அன்றைக்குத்தான். 

4. ஆஸ்பத்திரி

மறுநாள் லீவு போட்டு, அவர்களோடு காது டாக்டரிடம் போனேன். குற்ற உணர்ச்சிதான் காரணம். ஊரில் அதற்கும் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். வலது காதை மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்றார். இடது காது ரொம்பக் கெட்டிருக்கிறது, மெஷின் வைக்க வேண்டும் என்றார்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?”

“டீச்சர் ஆறு மாசமாக் கவனிச்சுட்டு வாராங்க சார்” என்றாள் மகேஸ்வரி, என்னை உயர்த்துவதாக நினைத்து.

டாக்டருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “டீச்சர் ஆறு மாசமாச் சொல்லியும் இப்பத்தான் கூட்டிட்டு வாரியாம்மா? அப்பவே வந்திருந்தா இந்தக் காதுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். என்ன தாய் நீ?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “டீச்சர் எங்கிட்டச் சொல்லல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5. பஸ்

திரும்பும் பஸ்ஸில் மகேஸ்வரி பிள்ளையை மடியில் சாய்த்துத் தூங்க வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“தெரிஞ்சும் ஏன் டீச்சர் எங்கிட்டச் சொல்லல?”

இனி எந்தப் பொய்யும் மிச்சம் இல்லை.

“எனக்குத் தெரியாது மகேஸ்வரி. நான் அந்தப் பாடத்தப் படிக்கல. சும்மா ஓட விட்டேன். பதில யாரோ அனுப்புனாங்க. உம் மக காப்பி அடிக்கான்னு நெனச்சுத்தான் பின்னால தள்ளுனேன்.”

அவள் அழுவாள், நாலு பேர் முன்னால் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் செல்போனை எடுத்து, அந்தப் பாடத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

“ஊரு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். பாருங்க டீச்சர். சத்தம் வச்சுப் பாருங்க.”

பார்த்தேன். கடைசியில் க்விஸ் வந்தது. பதினொன்றாம் கேள்வியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். ‘கூப்பிட்டால் திரும்பாமல், பேசுபவரின் வாயையே கவனிக்கும் குழந்தைக்கு ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?’

‘இ’ என்றால் என்னவென்றும் படித்தேன். ‘முன் வரிசையில் அமர்த்தி, பெற்றோரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.’

ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் இப்படிப் பாடங்கள் வரும், ஆன்சர் கீயும் கூடவே வரும். இலவசமாக வருகிறது என்பதற்காக அதை இளக்காரமாக நினைத்தவள் நான். அதற்குரிய விலையை ஒரு பிள்ளை தன் இடது காதால் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் தர்ஷினியை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். புத்தகத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து டிக்டேஷன் போட்டேன். பத்துக்கு ஒன்பது வாங்கினாள்.