அத்தையின் வெள்ளி ரூபாய்க்கு வந்த எண்கள்

அந்த வெள்ளி ரூபாயைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் தெளிவான பெட்டி, நான்கு பக்கமும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தது. மேலே ஒரு சீட்டில் ஆண்டும் நாணயத்தின் பெயரும், அவற்றின் கீழே 58 என்ற எண்ணும். பரீட்சை எழுதிய பிள்ளையை மார்க்கோடு சேர்த்து அடைத்து வைத்ததுபோல் இருந்தது. மாமா அதைப் பாபநாசம் கடைத்தெரு முழுவதும் காட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். “எழுபதுக்கு அம்பத்தெட்டு மாப்ள! சும்மாவா?” என்றார்.

அது அப்பாவின் தங்கையான என் அத்தை, கல்யாணச் சீரோடு எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன ரூபாய். வெள்ளிக்கிழமை தோறும் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் ரூபாயை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்ட பிறகுதான் விளக்கேற்றுவாள். அதற்கு முன் குத்துவிளக்கோடு அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிடுவாள். சாமிக்கு வைப்பது மங்கலாக இருக்கக்கூடாது என்பதில் அவள் கறார். சிங்கப்பூர் வேலையை விட்டு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டே பழைய நாணயம் சேர்க்க ஆரம்பித்த மாமாவுக்கு, அந்த ஆண்டு ரூபாய் சுலபமாகக் கிடைக்காது என்பது வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. உடனே தரம் பார்த்துச் சான்று தரும் ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். பெட்டி வந்ததும் அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இப்படி அடைச்சுட்டாங்களே, இனிமே இதுக்கு எங்கங்க மஞ்சள் வைக்கிறது?” என்று கேட்டாள். மாமாவுக்கு அது காதில் விழவில்லை.

அவருடைய சந்தோஷம் தஞ்சாவூரில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சி வரைக்கும்தான். அங்கே ஒரு வியாபாரி பெட்டியை வாங்கிச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இவங்க தாராளமா போடுறவங்க சார். இவங்க அம்பத்தெட்டும் அடுத்த கம்பெனி அம்பத்தெட்டும் ஒண்ணு இல்ல. கண்டிப்பான எடத்துல ஒரு எண்ணு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றார். மாமா என்னை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் குறடு எடுத்துப் பெட்டியை உடைத்தார். ரூபாயை அத்தையின் கையில் வைத்து, “நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, சாமிகிட்ட வச்சுக் குடு. நல்ல எண்ணா வரட்டும்” என்றார்.

அத்தைக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! வழக்கமாகச் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். காலையில் ரூபாய் ஜொலித்தது. மாமாவே அதை வெளிச்சத்தில் பிடித்து, “அடடா, புதுசாட்டம் இருக்கு” என்று சொல்லித்தான் உறையில் போட்டார். அதைச் சொன்ன வாய்தான் பிறகு வேறு மாதிரி பேசியது.

கண்டிப்பான கம்பெனி எண்ணே போடவில்லை. துலக்கப்பட்ட நாணயம் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டது. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். களத்தில் நின்றபடியே மாமா வியாபாரிக்குப் போன் செய்தார். புளி போட்டுத் தேய்த்தால் வெள்ளியின் மேல்பரப்பு கெட்டுவிடும், அதைச் சில கம்பெனிகள் கண்டுகொள்ளாது, சில கம்பெனிகள் மன்னிக்காது என்று அவர் விளக்கியிருக்கிறார். ஆட்களுக்கு மோர் கொண்டுவந்த அத்தையைப் பார்த்து மாமா கத்தினார்: “ஒன் கை பட்டது எதுடி வெளங்கியிருக்கு?”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்பது களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. அறுப்பு மிஷின் ஓட்டியவர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை மோர்ப் பாத்திரத்தை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். “நீ போ தம்பி, அவங்களுக்கு மோர் ஊத்திக் குடு” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு அவள் சமைத்தாள், பரிமாறினாள், மாமாவுக்கு வேண்டியதையெல்லாம் செய்தாள். துலக்குவதை மட்டும் விட்டுவிட்டாள். குத்துவிளக்கு கறுத்துப் பச்சை பூத்தது. வெள்ளிக்கிழமைகளில் பூஜை அலமாரியில் ஒரு சின்ன பல்பு எரிந்தது, அவ்வளவுதான். மாமா ரூபாயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால்கூட அவள் தொடுவதில்லை. மறு வருடம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மாமா செய்த எத்தனையோ நல்லதை நான் அறிவேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மீது எனக்கு உள்ள கோபம் இன்றுவரை ஆறவில்லை.

போன மாதம் போயிருந்தேன். மாமா மூன்றாவதாக ஒரு கம்பெனிக்கு ரூபாயை அனுப்பியிருக்கிறார். புதுப் பெட்டியை என் கையில் திணித்தார். 53 என்று போட்டிருந்தது. விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, என் கையைப் பிடித்து அத்தையின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எண்ணு வந்திருச்சுன்னு சொல்லு மாப்ள. கெட்டுப்போயிருந்தா எண்ணு போட மாட்டாங்கன்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க மாமா” என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

“தெனமும்தான் சொல்றேன்” என்றார். “நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கிறா.”