குகைக்குள் கிடைத்த மைத்துனன்

இன்று மனைவியோடு மலைக்குகை பார்க்கப் போனேன்.

"இந்த இடுக்குல வயித்த எக்கிட்டு வரணும்" என்றார் வழிகாட்டி. மனைவி நுழைந்து போய்விட்டாள். நான் பாதியில் மாட்டிக்கொண்டேன்.

வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுக்கும்போதுதான் அவள் கேட்டாள்: "தம்பிக்கு எந்த ஊரு?"

"தோவாளை."

"தோவாளையில யாருக்க வீடு?"

அவர் என் கையை விட்டுவிட்டு, விரல்விட்டுச் சொந்தங்களை எண்ண ஆரம்பித்தார்.

"ஏட்டி, என்னைய இழுக்கச் சொல்லு."

"சும்மா நில்லுங்க, பேசிட்டிருக்கோம்லா."

இரண்டு கல்யாணம், ஒரு சாவு, ஒரு வரப்புச் சண்டை எல்லாம் பேசி முடித்ததில், அவர் இவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"அத்தான், மூச்ச விடுங்க" என்று பாசத்தோடு இழுத்தார். சட்டைப் பொத்தான்கள் மட்டும் குகையிலேயே தங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் சாப்பிட வருகிறார்.

உங்கள் வீட்டம்மா ஊர் விசாரித்தபோது நீங்கள் எங்கே மாட்டியிருந்தீர்கள்?