சரோஜா சொன்ன பொய்

மில்லுக்காரரின் மச்சானை அக்கா சோற்றுத் தூக்கால் முகத்தில் அடித்தபோது எனக்குப் பத்து வயது. அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் நான்காம் பாரம், அதாவது இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு, படித்தாள்; நான் முதல் பாரம். எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் பாதையை ஒட்டிய வண்டித் தடத்தில் நடந்துதான் போக வேண்டும். எங்களோடு சரோஜாவும் அவள் தங்கை அஞ்சலையும் வருவார்கள். சரோஜாவும் அக்காவும் ஒரே வகுப்பு.

பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்த வீடுகள் அன்றைக்கு ஊரில் இரண்டுதான். எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் பெரியப்பாவின் பெருமை. சரோஜா வீட்டில் காரணம் சரோஜாவின் பிடிவாதம். அவள் அப்பா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றி மில்லில் கொண்டுபோய் இறக்குகிறவர். மூன்று நாள் பட்டினி கிடந்து அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள்.

அந்த மல்லாட்டை மில் எங்கள் ஊருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்தது. முதலாளியின் மச்சான் அங்கே மேஸ்திரி மாதிரி. இருபத்தைந்து வயதிருக்கும். ஆடி மாதத்திலிருந்து, நாங்கள் வரும் நேரம் பார்த்துச் சைக்கிளில் வர ஆரம்பித்தான். முன்னால் போவான், திரும்பி வருவான், பாட்டு முணுமுணுப்பான். சரோஜா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். சைக்கிள் மணி கேட்டதும் தடத்தைவிட்டுப் பக்கத்துக் கொல்லைக்காட்டில் இறங்கி, அவன் கடந்து போகும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நானும் அஞ்சலையும் நடுவில். வீட்டில் மூச்சு விடக் கூடாது.

"சொன்னா நாளைக்கே ஸ்கூல நிறுத்திடுவாங்க. கண்டுக்காம போய்க்கினே இருந்தா அவனே சலிச்சிக்குவான்" என்பாள்.

அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. தப்பு செய்கிறவன் தடத்தில் போக, நாம் ஏன் சேற்றில் இறங்க வேண்டும் என்று கேட்பாள். நானும் அக்கா கட்சி. சரோஜா பயந்தாங்கொள்ளி என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது.

கார்த்திகை மழையில் ஒருநாள் மாலை திரும்பி வந்துகொண்டிருந்தோம். தடத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர். இறங்க இடமில்லை. வாய்க்கால் மதகின்மேல் அவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றான். ஒவ்வொருத்தியாக ஒதுங்கித் தாண்டினோம். கடைசியாக வந்த சரோஜாவின் தாவணி முந்தியைப் பிடித்துக்கொண்டான். அவள் கத்தவில்லை. "வுடுங்க, வுடுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இழுத்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த பித்தளைத் தூக்கை வீசி அவன் முகத்தில் அடித்தாள். சைக்கிளோடு வாய்க்காலில் போய் விழுந்தான். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

நாங்கள் ஓடினோம். எனக்கு ஒரே சந்தோஷம். ஊர் எல்லை வந்ததும் நின்று மூச்சு வாங்கினோம். சரோஜா மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணிட்ட" என்றாள் அக்காவிடம்.

"ஒனக்காவத்தான அடிச்சேன்" என்றாள் அக்கா.

"அதான் சொல்றேன்."

மறுநாள் காலையிலேயே மில்லுக்காரர் வந்துவிட்டார். கூடவே தலையில் கட்டோடு மச்சான், துணைக்கு இரண்டு ஆட்கள். எங்கள் களத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார் பெரியப்பா. ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது. நான் களத்துக்குக் கிளம்பும்போது அம்மா என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்து, "யார் இன்னா கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. புரியுதா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

சும்மா போன ஆளைப் பெண்கள் வம்புக்கிழுத்து அடித்துவிட்டதாக மில்லுக்காரர் சொன்னார். பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டார். அத்தனை ஆண்கள் நடுவில் அக்கா நிமிர்ந்து நின்றாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான்கு மாதமாக அவன் செய்ததையெல்லாம் சொல்லி, "நான்தான் அடிச்சேன். நேத்து கையி நீட்டினான், அதனால அடிச்சேன்" என்றாள்.

"யார் மேல நீட்டினான்?" என்று கேட்டார் மில்லுக்காரர்.

அக்கா சரோஜா நின்ற பக்கம் பார்த்தாள். "அவளயே கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. சரோஜா தன் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"மதகுல வழுக்கி வுழுந்துட்டாருங்க. எங்கள ஒண்ணும் பண்ணல. மலையனூர் அங்காளம்மா சத்தியமா வேற ஒண்ணும் நடக்கலீங்க."

அக்காவின் முகம் செத்துப்போனது. மில்லுக்காரரின் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது. தன் ஆள்மீது பழியில்லை, அடித்தவர்களும் இல்லை, வழுக்கியதோடு போயிற்று. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். சரோஜாவின் அப்பா இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்போதுதான் நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்காவைப் பொய்க்காரியாக்கிவிட்டாளே என்ற ஆத்திரம். அக்காவைப் போல நானும் நிமிர்ந்து நின்றுகொண்டேன். "சரோஜா பொய் சொல்றா. அவன் சரோஜா தாவணியத்தான் புடிச்சி இழுத்தான். நான் பார்த்தேன்."

பத்து வயதுப் பிள்ளை பொய் சொல்லாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நியாயம் கிடைத்தது. மில்லுக்காரரே மச்சானை எல்லார் முன்னாலும் அறைந்தார். அவனைப் பெரியப்பாவின் காலில் விழ வைத்தார். ஒரு வாரத்தில் அவன் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டான். பிறகு அந்தத் தடத்தில் யாரும் பெண்பிள்ளைகளை மறிக்கவில்லை. அடுத்த சில வருஷங்களில் ஊரிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் அதே வழியில் பள்ளிக்கூடம் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பெரியப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டு சிங்கக்குட்டிகள் வீட்டில் இருப்பதாக எல்லாரிடமும் சொன்னார். அம்மாவோ எனக்குக் கேப்பைக் கூழைக் கரைத்து வைத்துவிட்டு, சரோஜா வீட்டுப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சரோஜாவும் அஞ்சலையும் வரவில்லை. மில்லில் அவர்கள் அப்பாவின் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கம் வேலை தேடிப் போனார். தாவணி பிடிபட்ட பெண் என்று ஊர் பேச ஆரம்பித்தது. பிடித்தவன் பெயர் பதினைந்து நாளில் மறந்துபோயிற்று. அக்காவை எதற்கும் இருக்கட்டும் என்று விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த மாமா வீட்டுக்கு அனுப்பி, அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். என்னைப் பெரியப்பாவின் ஆள் வண்டியில் கொண்டுபோய் விட்டு, வண்டியிலேயே கூட்டிவந்தான்.

அக்கா பிற்பாடு நர்ஸ் வேலைக்குப் போய், நன்றாக வாழ்ந்தாள். வயதான பிறகு ஒருமுறை அவளிடம் கேட்டேன், அன்றைக்கு அடித்தது தப்பா என்று. "அடிச்சது தப்பில்ல. அடிச்சிட்டு நான் ரயிலேறிப் போயிட்டேன். அவ அங்கியே நின்னா" என்றாள். என் பங்கைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருஷமே தை மாதம் சரோஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அனந்தபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா என்னையும் கூட்டிப்போனாள். அக்காவைப் பொய்க்காரியாக்கிய கோபம் எனக்கு அப்போதும் தீரவில்லை. சரோஜாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தாலி கட்டி முடிந்து மணப்பெண் உள்ளே உட்கார்ந்திருந்தபோது, கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் யாருமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நாலாம் பாரத்துல இப்ப இன்னா பாடம் நடக்குது, தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள். "ஜாமெண்ட்ரி ஆரம்பிச்சிட்டாங்களா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "நீதான் இனிமே வரப்போறதில்லையே. ஒனக்கு எதுக்கு?"

"ஆமா இல்ல" என்றாள் சரோஜா. அவிழ்ந்திருந்த என் ரிப்பனை முடிந்துவிட்டாள். "பந்தி போட்டுட்டாங்க. போயி சாப்புடு."

பொய் சொன்னவளுக்குச் சரியான பதில் கொடுத்துவிட்ட திருப்தியோடு, நான் போய் இலையில் உட்கார்ந்தேன்.