நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

எண்பதுகளில், கடலே இல்லாத டெல்லியில், கூரை போட்ட நீச்சல்குளமொன்றில் எங்கள் பயிற்சியாளர் எங்களுக்கு ஸ்கூபா முக்குளிப்பு கற்றுத்தந்தார். குளிர்காலம் முழுக்க மூக்குவரை மஃப்ளர் சுற்றியிருப்பார்.

முதன்முதலில் குளத்தின் அடியைத் தொட்டு மேலே வந்த குஷியில், முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தேன். அவர் மஃப்ளரோடு தொபுக்கென்று குதித்து, என் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார்.

“கண்ணாடி நெத்தியில இருந்தா, ஸ்கூபாக்காரங்க பாஷையில ‘ஆபத்து, காப்பாத்து’ன்னு அர்த்தம். கழுத்துக்கு இறக்குப்பா.”

“சிரிச்சிட்டுதானே சார் இருந்தேன்?”

“முங்கறவனும் பல்லைக் காட்டுவான்.”

மறுவாரம் லக்ஷ்மிபாய் நகர் பஸ் நிறுத்தத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தார். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

“அச்சா, பிடி சரியா இருக்கு. ஆனா ஜல்தி வரணும். இத்தனை நேரத்துக்கு நான் முங்கியே போயிருப்பேன்” என்றார்.

சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது. மஃப்ளர் மூக்குவரை இருந்தது.