நோட்டரி முன்னால் ஓர் 'அண்ணே'

போன மாதம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கொலைக் கேஸோ என்று பதறாதீர்கள். வெறும் கையெழுத்துக் கேஸ்தான்.

பாளையம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கதிரேசன் என் சிநேகிதர். அருப்புக்கோட்டை டவுனுக்குள் இன்னொரு கடை போட பேங்கில் லோன் கேட்டிருந்தார். அடமானம் வைக்கிற மனை அவர் பேரிலும் மனைவி சுந்தரி பேரிலும் சேர்ந்து இருக்கிறது. ஆகவே, 'எனக்கு முழுச் சம்மதம்' என்று நோட்டரி வக்கீல் முன்னால் சுந்தரி கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றது பேங்க்.

"ஆளத் தெரியும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார்," என்றார் கதிரேசன். போனேன்.

கோர்ட்டுப் பக்கம்தான் நோட்டரி மேடத்தின் அறை. உள்ளே நுழைந்தால்... கதிரேசனுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது சுந்தரி இல்லை. கதிரேசனின் கூடப்பிறந்த தங்கச்சி மல்லிகா!

நான் முழித்தேன். கதிரேசன் என் காதருகே வந்தார். "அவ கோவிச்சுக்கிட்டுத் திருச்சுழிக்கு அப்பன் வீட்டுக்குப் போயிட்டா சார். ஒரு கையெழுத்துதான... யாருக்குத் தெரியப்போகுது?"

மேடம் சுந்தரியின் ஆதார் கார்டைப் பார்த்தார். மல்லிகாவைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். ஆதார் போட்டோவில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்? என் கார்டில் இருக்கும் ஆள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், நானே "யார் வேணும்?" என்றுதான் கேட்பேன்.

"சார், இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" — மேடம் என்னைத்தான் கேட்டார்.

இந்தப் பத்தியில் வாராவாரம் உங்களுக்கு உபதேசம் செய்கிற வாய், அப்போது உலர்ந்து ஒட்டிக்கொண்டது. என்ன சொல்லியிருப்பேன்? சத்தியமாக எனக்கே தெரியாது. அதற்குள் பேனாவைக் கையில் எடுத்துவிட்ட மல்லிகா, கதிரேசன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எங்கிட்டுப் போடணும்?"

மேடத்தின் புருவம் உயர்ந்தது.

"எங்க வீட்ல... பாசமா அப்பிடித்தான் கூப்பிடுவா மேடம்," என்றார் கதிரேசன்.

"பாசமா? அண்ணேன்னா?"

மேடம் கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னார் என் முன்னால வந்தாங்க, வாசிச்சுக் காட்டினேன், புரிஞ்சு கையெழுத்துப் போட்டாங்கன்னு சொல்லித்தான் நான் சீல் வைக்கிறேன். அதுல பொய் இருந்தா என் லைசென்ஸ் போகும். உங்களுக்குக் கம்பி எண்ணுற வேலைதான். நல்லவேளை, இன்னும் கையெழுத்து விழல. உங்க சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா வராதீங்க."

அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க பத்திய விடாமப் படிக்கிறேன் சார்."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மல்லிகாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துணைக்கு என்னையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு கதிரேசன் திருச்சுழிக்குப் போனார். சுந்தரி களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

"யாரு வரச் சொன்னாக?"

"நோட்டரி மேடம்," என்று உளறினார் கதிரேசன்.

"அப்ப நீங்களா வரல."

கதிரேசன் என்னைப் பார்த்தார். நான் மிளகாயைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். மல்லிகா பெயர் வந்ததும் சுந்தரி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எனக்குப் பதிலா அவளா? எந்திரிங்க. நானே வாரேன்."

திரும்பும் பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நோட்டரி அறையில் மேடம் பத்திரத்தை வரிவரியாக வாசித்து, மனை அடமானத்துக்குப் போகிறது, கடனைக் கட்டாவிட்டால் கையைவிட்டுப் போகும் என்றெல்லாம் விளக்கினார். கடைசியில், "இதுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

சுந்தரி மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். கண் லேசாகக் கலங்கியது.

"கல்யாணம் ஆன நாள்லருந்து என்கிட்ட இப்பிடிக் கேட்ட மொத ஆளு நீங்கதான் மேடம். லோனு கேட்டதே ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டுப் போனேன். கடை எங்க வருதுன்னுகூடத் தெரியாது. நான் எடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

"தாராளமா," என்று பேனாவை மூடினார் மேடம்.

அன்றைக்கே போய் இடத்தைப் பார்த்த சுந்தரி, பள்ளமான இடம், மழை பெய்தால் தண்ணீர் புகுந்து சிமெண்ட் மூட்டையெல்லாம் கல்லாகிவிடும் என்று வேண்டாமென்றுவிட்டார். அவரே தேடி மேடான இடத்தில் வேறு கடை பிடித்தார். அப்புறம்தான் நோட்டரி முன்னால் கையெழுத்து. கதிரேசன் இப்போது கடைக்கு அடிக்கிற பெயிண்டைக்கூடக் கேட்டுத்தான் அடிக்கிறார்.

எனக்கும் ஞானம் வந்தது. நேற்று மனைவியிடம், "ஞாயித்துக்கிழமை என் ஃபிரண்ட்ஸை சாப்பிடக் கூப்பிடலாம்னு இருக்கேன். உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

நெற்றியில் கைவைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்!